ஒரு கால் தளர்ந்திருக்கும் கால்பந்து வீராங்கனைக்கு எந்தப் பயிற்சி? நான்கு வழிகளின் ஒப்பீடு

பள்ளி அணியிலும் விளையாட்டு விடுதியிலும் கால்பந்து ஆடும் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். இடது காலில் பலமில்லை என்று பயிற்சியாளர் சொல்கிறார், மகளை ஜிம்மில் சேர்க்கலாமா என்பது ஒரு தாயின் கேள்வி. ஒற்றைக்காலில் தாவவிட்டுப் பார்த்தால் அணியில் பாதிப் பேருக்கு இரு கால்களுக்கும் வித்தியாசம் வருகிறது, என்ன செய்வது என்பது ஓர் ஆசிரியரின் கேள்வி. நகரத்தில் இயந்திரம் வைத்துத் தசை பலத்தை அளக்கிறார்களாமே, அங்கே அழைத்துப் போகட்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்தது. இவற்றுக்குப் பிறகு பெண் பிள்ளைகளின் பயிற்சியைப் பற்றிய கேள்விகள் கூடியதில் வியப்பில்லை.

கேள்வி கேட்பவர்கள் முன்னால் உள்ள வழிகள் நான்கு: அணி முழுவதும் சேர்ந்து செய்யும் காயத்தடுப்பு வார்ம்-அப், இரு கால்களையும் ஒருசேர வலுவாக்கும் பளுப் பயிற்சி, பலம் குறைந்த காலை முன்வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் பயிற்சி, ஆய்வக அளவீட்டின்பேரில் வகுக்கும் தனித் திட்டம். "வளர்கிற வயது, தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவதை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வளர்ச்சி வேகம் எடுக்கும் பருவத்தில் ஆண் பிள்ளைகளுக்கு உயரத்தோடு தசை பலமும் விரைந்து கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் கூடும் அளவுக்குப் பலம் தானாகக் கூடுவதில்லை. அதிலும் தொடையின் முன்தசை வலுவாகும் வேகத்துக்கு, ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தசை ஈடுகொடுப்பதில்லை. காத்திருந்தால் இடைவெளி அகலவே வாய்ப்பு அதிகம்.

எவற்றை வைத்து எடை போடுவது

வழிகளை ஒப்பிடும்முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, காயம் குறைகிறதா என்பது. ஏசிஎல் என்று எல்லோரும் சொல்லும் முழங்காலின் முன் குறுக்கு இணைப்பு நார் கிழிவது, கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். அதுவும் பெரும்பாலும் எவரும் மோதாமலே, திரும்பும்போதோ தாவி இறங்கும்போதோ ஓடி வந்து சட்டென நிற்கும்போதோ நேர்கிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையை இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா ஆகிய மூவரும் இதே காயத்தால் தவறவிட்டார்கள் என்பது கால்பந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது, ஆட்டத்திறன் கூடுகிறதா என்பது: முதல் பத்து மீட்டர் ஓட்டம், தாவல், திசை மாற்றம். மூன்றாவது, இரு கால்களின் வித்தியாசம் உண்மையில் குறைகிறதா என்பது. நான்காவது, செலவு. பணச் செலவு கண்ணுக்குத் தெரியும். நேரம், மேற்பார்வை, தசைவலி, போட்டிக்கு முந்தைய நாள் களைப்பு ஆகியவை பிறகுதான் தெரியவரும். ஐந்தாவது, பிள்ளைகள் அதை ஒரு பருவம் முழுவதும் விடாமல் செய்வார்களா என்பது. இந்தக் கடைசி அளவுகோலுக்கே நான் அதிக மதிப்பெண் தருகிறேன். மிகச் சிறந்த திட்டமானாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டால் அதனால் பயன் ஏதுமில்லை.

மூன்றாவது அளவுகோலைப் பலர் முதலாவதாக வைக்கிறார்கள். அதனால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வித்தியாசம் என்பது என்ன, எவ்வளவு இருந்தால் கவலைப்படுவது

கால்பந்து ஆடுபவரின் இரு கால்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு கால் உதைக்கிறது. மறு கால் அந்த நேரத்தில் உடம்பு முழுவதையும் தாங்கி ஊன்றி நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடும்போது இரண்டு கால்களும் வெவ்வேறு விதமாகப் பழகிக்கொள்வது இயல்பு. அது விளையாட்டு விட்டுச்செல்லும் தடம்தான். நோய் என்று சொல்லிவிட முடியாது.

அளப்பதற்கு ஒரு டேப் போதும். ஒற்றைக்காலில் நின்று முன்னோக்கித் தாவி, அதே காலில் இறங்கி, அசையாமல் இரண்டு நொடி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முயற்சிகள் கொடுத்து, அவற்றில் சிறந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். வலது காலில் 142 செ.மீ., இடது காலில் 126 செ.மீ. என்று வந்தால், வித்தியாசமான 16ஐப் பெரிய எண்ணான 142ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11 சதவீதம். பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள் இருப்பதைச் சாதாரணமாகவும், பதினைந்தைத் தாண்டுவதைக் கவனிக்க வேண்டியதாகவும் கொள்கிறார்கள். ஆனால் இந்த எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. ஒரே காலின் மூன்று முயற்சிகளும் 118, 126, 121 என்று எட்டு செ.மீ. அளவுக்குத் தமக்குள்ளேயே மாறினால், இரு கால்களுக்கிடையே ஆறு செ.மீ. வித்தியாசம் என்பதற்குப் பொருளே இல்லை. ஆகவே ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள், காலை நேரத்தில், களைப்பில்லாதபோது மறுபடி அளந்து, அதே கால் அதே அளவில் பின்தங்கினால் மட்டுமே அதை வித்தியாசம் என்று ஏற்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னோக்கித் தாவும்போது பின்தங்கும் கால், மேல்நோக்கித் தாவும்போது முந்திவிடுவதைப் பார்க்கலாம். அதாவது "இந்தப் பிள்ளைக்கு இடது கால் பலவீனம்" என்ற ஒற்றைத் தீர்ப்பு பல நேரங்களில் தவறாகிவிடுகிறது. எந்தச் சோதனையில், எந்த அசைவில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான கூற்று. ஒற்றைக்காலில் மேல்நோக்கித் தாவுவதில் கால்களுக்கிடையே வித்தியாசம் அதிகமுள்ள இளம் வீராங்கனைகள் குறுகிய தூர ஓட்டத்தில் மெதுவாக இருந்ததாக ஆய்வு முடிவுகள் உண்டு. அதே அளவு தொடர்பு முன்னோக்கிய தாவலில் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டு சோதனைகளையும் செய்வது நல்லது. மேல்நோக்கித் தாவும் உயரத்தைக் கையில் சாக்கட்டி பூசிச் சுவரில் தொடவைத்தே அளந்துவிடலாம்.

எந்தக் கால் பின்தங்குகிறது என்பதும் முக்கியம். மோதலில்லாமல் ஏசிஎல் கிழிந்த கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஆண்களில் 74 சதவீதத்தினருக்கு உதைக்கும் காலில் காயம் நேர்ந்திருந்ததையும், பெண்களில் 32 சதவீதத்தினருக்கே அப்படி இருந்ததையும் காட்டியது. பெண்களுக்கு மிகுதியும் கிழிந்தது ஊன்றும் காலில். ஆய்வுக்குட்பட்டவர்கள் சில பத்துப் பேர்தான் என்பதால் இதைச் சட்டமாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஊன்றும் கால் பின்தங்கியிருந்தால் நான் சற்றுக் கூடுதல் அக்கறை எடுப்பேன்.

வலியோ வீக்கமோ இருந்தால் இந்தக் கட்டுரை பொருந்தாது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சில் வலி, இடுப்பிலோ தொடையிடுக்கிலோ வலி, கால் "விட்டுப்போகிற" உணர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் எலும்பு மருத்துவரையோ விளையாட்டுப் பிசியோவையோ பார்க்க வேண்டும். அங்கே பலக்குறைவு வேறொன்றின் அறிகுறியாக இருக்கலாம்.

வழி 1: அணியோடு சேர்ந்து செய்யும் காயத்தடுப்பு வார்ம்-அப்

இவற்றில் புகழ்பெற்றது ஃபிஃபா 11 பிளஸ். எட்டு நிமிட மெதுவோட்டம், பத்து நிமிட வலிமை, தாவல், சமநிலைப் பயிற்சிகள், இரண்டு நிமிட வேக ஓட்டம் என மொத்தம் 15 பயிற்சிகளை இருபது நிமிடத்தில் செய்து முடிக்கலாம். நடுப்பகுதியில் உள்ள ஆறு பயிற்சிகளுக்கும் மும்மூன்று படிநிலைகள் உண்டு. நார்வேயில் 125 மன்றங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயதுள்ள 1,892 வீராங்கனைகளைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வுதான் இதற்கு அடித்தளம். வார்ம்-அப் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறைய 45 சதவீதமும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்கள் பாதிக்கு மேலும் குறைந்தன. கால் காயங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது குறைவு தென்பட்டாலும், அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஸ்வீடனின் க்னேகொன்ட்ரோல் இதைவிடச் சுருக்கமானது. முழங்கால் கட்டுப்பாடு என்பது அப்பெயரின் பொருள். ஆறே பயிற்சிகள், கால் மணி நேரம், வாரம் இரு முறை. 12 முதல் 17 வயது வரையிலான 4,564 வீராங்கனைகளைக் கொண்ட ஆய்வு 2012இல் வெளியானபோது, பயிற்சி செய்த அணிகளில் ஏசிஎல் கிழிவு விகிதம் 64 சதவீதம் குறைவு என்ற செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு பக்கம் 7 பேர், மறுபக்கம் 14 பேர். சிறிய எண்கள்தான். ஆனாலும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏசிஎல் கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, ஓராண்டு ஓய்வு, படிப்பில் இடைவெளி என்று வரிசையாக வருவதை எண்ணினால், வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுப்பது பெரிய விலை இல்லை.

ஆட்டத்திறனில் இதன் பலன் மிதமானது. சமநிலையும் தாவி இறங்கும் நேர்த்தியும் மேம்படுகின்றன. ஓட்ட வேகத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. கால்களின் வித்தியாசத்தைக் குறைப்பது இதன் நோக்கமே இல்லை. இரு கால்களுக்கும் ஒரே எண்ணிக்கையைக் கொடுக்கிறது, பளுவும் கூட்டப்படுவதில்லை.

பணச் செலவு அநேகமாக இல்லை. மறைவான செலவு நேரம். வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி நடக்கும் பள்ளியில், வாரம் இரு முறை இருபது நிமிடம் என்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாக இதைச் செய்தால் அந்த இழப்பு மறைந்துவிடும். அதற்கு மேலாகச் செய்தால் பந்தோடு ஆடும் நேரம் குறையும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இன்னொரு செலவு சலிப்பு. படிநிலைகளை மாற்றாமல் முதல் படியிலேயே ஆண்டு முழுவதும் ஓட்டும் அணிகளில் இது வெறும் சடங்காகிவிடுகிறது. முழங்கால் உள்நோக்கி மடிவதைப் பார்த்துத் திருத்த ஒருவர் இல்லையென்றால் பயன் இன்னும் குறையும்.

வழி 2: இரு கால்களையும் ஒருசேர வலுவாக்கும் பளுப் பயிற்சி

பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் போன்றவை இந்த வகை. அடிப்படை பலமே இல்லாத பிள்ளைக்கு இதைப் போல விரைவாகப் பலன் தருவது வேறில்லை. பதின்வயதில் பளுத் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மேற்பார்வையோடு, முறையாக, படிப்படியாகக் கூட்டிச் செய்யும் பளுப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. கால் பருத்துவிடும் என்ற அச்சமும் அப்படியே. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் செய்யும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கும் திறன்தான். தசையின் பருமனில் அப்போது பெரிய மாற்றம் இராது.

வேகம், தாவல் ஆகிய இரண்டிலும் இந்த வழி நன்றாக உதவுகிறது. காயத்தைப் பொறுத்தவரை, ஹாம்ஸ்ட்ரிங்குக்கான நார்டிக் பயிற்சியை இதோடு சேர்ப்பது அவசியம். மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னோக்கிச் சாய்வதுதான் அது. 15 ஆய்வுகளில் 8,459 விளையாட்டு வீரர்களைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, இதைத் தம் திட்டத்தில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. கருவியே தேவையில்லாத பயிற்சி என்பதால் விடுதிக்கும் பொருந்தும். முதல் இரு வாரங்கள் தொடையில் கடும் வலி எடுக்கும். எனவே போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில் செய்யவே கூடாது.

கால்களின் வித்தியாசத்தைக் குறைப்பதுதான் இதன் பலவீனமான இடம். இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டிய கம்பியான பார்பெல்லோடு கீழே போய் மேலே வரும்போது பலமான கால் தன்னை அறியாமலே கூடுதல் சுமையை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இடுப்பு ஒரு பக்கமாக நகர்வது தெரியும், செய்யும் பிள்ளைக்குத் தெரியாது. அப்படி நகர விட்டால் இரண்டு கால்களும் வலுப்பெறும், இடைவெளி மட்டும் அப்படியே இருக்கும். அந்த இடைவெளி சிறியதென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இங்குள்ள மறைவான செலவை ஆண் பயிற்சியாளர்கள் பலர் கவனிப்பதில்லை. சிறு நகரங்களில் ஜிம் என்பது ஆண்களின் இடமாகவே இருக்கிறது. மாலையில் தனியாகப் போய்வர வீட்டில் அனுமதி கிடைப்பது, பெண்களுக்கென்று தனி நேரம் இருப்பது, சொல்லித்தர ஒரு பெண் பயிற்றுநர் இருப்பது என்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை அங்கே இருக்க மாட்டாள். பள்ளி வளாகத்திலேயே ஒரு பார்பெல்லும் சில தட்டுகளும் வாங்கி வைக்க முடிந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். உணவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்தும் புரதமும் போதாத உடம்பில் பளுவை ஏற்றினால் களைப்புதான் கூடும். மாதவிடாய் தவறிப்போகும் அளவுக்குப் பயிற்சி கூடி உணவு குறைந்திருந்தால், கால் பலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

வழி 3: பலம் குறைந்த காலை முன்வைக்கும் ஒற்றைக்கால் பயிற்சி

பின்காலைப் பெஞ்சின் மேல் வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட், படியேற்றம், ஒற்றைக்காலில் முன்குனிந்து நிமிர்தல், ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக்காலில் தாவி அசையாமல் இறங்குதல் ஆகிய ஐந்தும் போதும். வாரம் இரண்டு நாள், நாளொன்றுக்கு முப்பது நிமிடம். விதிகள் இரண்டுதான். பலம் குறைந்த காலில்தான் தொடங்க வேண்டும். அந்தக் கால் எத்தனை முறை ஒழுங்காகச் செய்கிறதோ அத்தனை முறைதான் மறு காலும் செய்ய வேண்டும். வித்தியாசம் பதினைந்து சதவீதத்தைத் தாண்டியிருந்தால், பலம் குறைந்த காலுக்கு மட்டும் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுக்கலாம்.

பலமான காலை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை மட்டும் பயிற்றுவிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. பலமான காலும் வளர வேண்டிய கால்தான். பதினைந்து வயதில் இரண்டு கால்களுமே அவள் எட்டக்கூடிய உயரத்தை எட்டியிருக்கவில்லை. ஒரு கட்டுப்போட்ட காலைத் தவிர வேறு எந்தக் காலையும் ஓய்வில் வைக்கக் காரணம் இல்லை. கட்டுப்போட்ட நிலையிலும்கூட, நல்ல காலைப் பயிற்றுவித்தால் ஓய்விலிருக்கும் காலின் பலம் சிறிதளவு காப்பாற்றப்படுகிறது என்பது வெகுகாலமாக அறிந்த உண்மை.

வித்தியாசத்தைக் குறைப்பதில் நான்கு வழிகளில் இதுவே முதலிடம். ஆட்டத்திறனிலும் இது பின்தங்கவில்லை. 2016இல் வெளியான ஒரு ரக்பி ஆய்வில், ஐந்து வாரம் ஒற்றைக்கால் ஸ்குவாட் மட்டும் செய்தவர்களும் இரட்டைக்கால் ஸ்குவாட் மட்டும் செய்தவர்களும் பலத்திலும் ஓட்டத்திலும் ஒரே அளவு முன்னேறினார்கள். 18 இளைஞர்களை மட்டும் கொண்ட ஆய்வு அது, அதிலும் ஆண்கள். ஆயினும் கால்பந்தில் உதைப்பது, திரும்புவது, தாவுவது எல்லாமே பெரும்பாலும் ஒற்றைக்கால் வேலை என்பதால், இந்தப் பயிற்சி களத்துக்கு எளிதாகப் போய்ச்சேரும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. பளுவும் குறைவாகப் போதும். அரிசி மூட்டை தூக்கும் வீட்டில் டம்பெல் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மணல் நிரப்பிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினால் தொடை நடுங்கிவிடும்.

இதன் மறைவான செலவு மேற்பார்வை. ஒற்றைக்காலில் முழங்கால் உள்ளே மடிவது, இடுப்பு ஒரு பக்கம் சரிவது, உடல் முன்னே விழுவது எல்லாமே எளிதில் நடக்கும். முப்பது பேர் கொண்ட அணியை ஒரே ஆசிரியர் பார்த்துத் திருத்த முடியாது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் செய்யும்போது மற்ற இருவரும் முழங்காலையும் இடுப்பையும் பார்த்துச் சொல்லும்படி பழக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். மனம் சார்ந்த செலவும் ஒன்று இருக்கிறது. "உன் இடது கால் வீக்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, ஆட்டத்தில் அந்தக் காலை நம்ப மறுக்கிறாள், அந்தப் பக்கம் திரும்புவதையே தவிர்க்கிறாள். எண்களை நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் "இந்தக் காலில் தொடங்கு" என்று மட்டும் சொல்வது நல்லது.

வழி 4: ஆய்வக அளவீடும் தனித் திட்டமும்

நாற்காலியில் அமரவைத்து, தொடையைப் பட்டையால் கட்டி, முழங்காலை மாறாத வேகத்தில் மடக்கவும் நீட்டவும் விட்டு அதன் விசையை அளக்கும் ஐசோகைனெட்டிக் இயந்திரம்தான் இந்த வழியின் மையம். முன்தசைக்கும் பின்தசைக்கும் உள்ள விகிதத்தையும், இரு கால்களின் வித்தியாசத்தையும் எண்ணாகத் தரும். நொடிக்கு 60 பாகை வேகத்தில், பின்தசையின் பலம் முன்தசையின் பலத்தில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வெகுகாலமாகப் புழங்கும் அளவு.

எண் துல்லியமானதுதான். ஆனால் அந்த எண்ணை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 462 பேரைக் கொண்ட 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று, பலச் சமனின்மையைச் சரிசெய்யாமல் விட்டவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் காயம் நான்கு மடங்குக்கு மேல் வந்ததாகச் சொன்னது. கத்தாரில் 614 தொழில்முறை ஆட்டக்காரர்களை நான்கு பருவங்கள் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வோ, அந்தத் தொடர்பு மிகப் பலவீனமானது, தனிநபரின் காயத்தைக் கணிக்க உதவாது என்றது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் ஆண்கள், பெரியவர்கள். ஆகவே காயமில்லாத பதினான்கு வயதுப் பிள்ளையை இந்த இயந்திரத்துக்காக வெளியூருக்கு அழைத்துப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. பயணம், கட்டணம், ஒரு நாள் பள்ளி ஆகியவற்றைச் செலவிட்டுக் கிடைக்கும் தாளில் என்ன எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அதற்கான மருந்து வழி 2இலும் வழி 3இலும் உள்ள பயிற்சிகளே.

ஏசிஎல் அறுவைச் சிகிச்சை முடிந்து களத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு நிலைமை முற்றிலும் வேறு. அறுவை முடிந்து ஒன்பது மாதம் ஆகும்முன் திரும்புவது மறுபடி காயப்படும் வாய்ப்பைக் கூட்டுகிறது. 25 வயதுக்குட்பட்டவர்களில், விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்த முழங்காலிலோ மறு முழங்காலிலோ மீண்டும் ஏசிஎல் கிழிகிறது. இங்கே முன்தசையின் பலத்தை இயந்திரத்தில் அளக்காமல் "நன்றாக ஓடுகிறாளே" என்று அனுப்புவது ஆபத்து. அறுவை செய்த காலுக்கு மறு காலின் பலத்தில் 90 சதவீதம் இருந்தால் போதும் என்ற விதியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்பது மாத ஓய்வில் நல்ல காலும் இளைத்துவிடுகிறது. இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவது எளிது. அறுவைக்கு முன்பே நல்ல காலின் அளவை எடுத்துக் குறித்து வைத்திருந்தால், அதோடு ஒப்பிடுவதே சரியானது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | அணி வார்ம்-அப் | இரட்டைக்கால் பளு | ஒற்றைக்கால் பயிற்சி | ஆய்வகமும் தனித் திட்டமும் |
|---|---|---|---|---|
| காயம் குறைதல் | இந்த வயதுப் பெண்களிடமே சோதித்த சான்று உண்டு | நார்டிக் சேர்த்தால் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நல்ல பலன் | ஊன்றும் காலின் கட்டுப்பாட்டுக்கு உதவும் | அளவீடு மட்டும் காயத்தைத் தடுக்காது |
| ஓட்டமும் தாவலும் | மிதம் | நன்று | நன்று | பின்பற்றும் திட்டத்தைப் பொறுத்தது |
| வித்தியாசம் குறைதல் | சிறிதளவு | உறுதியில்லை | அதிகம் | அளவு துல்லியம், பலன் பயிற்சியில் |
| பணச் செலவு | அநேகமாக இல்லை | பார்பெல் அல்லது ஜிம் கட்டணம் | மிகக் குறைவு | மிக அதிகம் |
| மறைவான செலவு | பந்து நேரம், சலிப்பு | போக்குவரத்து, தனி நேரம், உணவு | மேற்பார்வை, "வீக்" என்ற பட்டம் | பயணம், வீண் அச்சம் |
| விடாமல் தொடர்தல் | எளிது | ஜிம் அருகில் இருந்தால் | மூவர் குழுவாகச் செய்தால் | கடினம் |

யாருக்கு எது பொருந்தும்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இப்போதுதான் அணியில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு வழி 1 மட்டும் போதும். வித்தியாசத்தை அளக்கவே வேண்டாம். அந்த வயதில் ஒரே மாதத்தில் எண்கள் தலைகீழாக மாறும்.

முப்பது பேர், ஓர் ஆசிரியர், கருவி எதுவும் இல்லை என்ற நிலையில் உள்ள பள்ளிக்கு, வழி 1ஐ வழக்கமான வார்ம்-அப்பின் இடத்தில் வைத்து, பயிற்சி முடிவில் நார்டிக்கையும் பின்காலை உயர்த்திச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட்டையும் வாரம் இரு முறை சேர்ப்பது சிறந்தது. நம் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

பதினைந்து, பதினாறு வயதில் மாவட்ட அல்லது மாநில அணியை நோக்கிப் போகும் பிள்ளை, இரு கால்களிலும் பலம் குறைவு, வித்தியாசமும் பத்து சதவீதத்துக்குள் என்றால் வழி 2 முதலில். ஒற்றைக்காலில் நிற்கவே தடுமாறும் பிள்ளையின் இரு கால்களும் முதலில் வலுப்பெறட்டும். பலம் ஓரளவு வந்த பிறகும் இரு வேறு நாட்களில், இரு வேறு சோதனைகளில் ஒரே கால் பதினைந்து சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் வழி 3. ஊன்றும் கால் பின்தங்கினால் பத்து சதவீதத்திலேயே நான் வழி 3க்குப் போய்விடுவேன். இது சான்றைவிட என் முன்னெச்சரிக்கையின் பேரில் சொல்வது என்பதை மறைக்கவில்லை. ஆய்வகம், அறுவை முடிந்தவர்களுக்கும், மருத்துவர் கேட்பவர்களுக்கும்.

எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்கும்போது

தொடக்கத்தில் வலது 142, இடது 126 என்றிருந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். எட்டு வாரத்தில் வலது 138, இடது 128 என்று வந்தால் வித்தியாசம் 11 சதவீதத்திலிருந்து ஏழுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருக்கும். பார்ப்பதற்கு வெற்றி போலத் தெரியும். நடந்திருப்பது பலமான கால் தளர்ந்ததுதான். களைப்பா, உணவா, போட்டிகளின் நெருக்கமா என்று தேட வேண்டும். அதே அளவுகளில் தொடங்கிய வேறொரு பிள்ளைக்கு வலது 150, இடது 136 என்று வந்தால் வித்தியாசம் 9 சதவீதத்துக்கு மேல், அதாவது முந்தையவளைவிட அதிகம். ஆனால் இவளுடைய இரு கால்களும் முன்பைவிட வெகுதூரம் தாவுகின்றன, இடது கால் பத்து செ.மீ. முன்னேறியிருக்கிறது. இந்தப் பிள்ளையின் திட்டத்தை மாற்றாமல் அடுத்த எட்டு வாரத்துக்கு அப்படியே தொடரலாம், பளுவை மட்டும் சற்றுக் கூட்டி. முதல் பிள்ளைக்கு ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரித்துவிட்டு, மறுபடி அளந்து பார்த்த பிறகே எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.